இந்த மண்ணின் பூக்கள்: அறிவோம், வளர்ப்போம், காப்போம்



பூவின்றி எமக்குப் பூசை இல்லை. செவ்வரத்தை, மல்லிகை, நந்தியாவட்டை, துளசி என்று ஊரில் வளர்த்தவற்றையெல்லாம் இங்கும் தேடிப்பிடித்து வளர்க்கிறோம். குளிர்காலம் வந்ததும் மல்லிகைச் சாடியையும் கறிவேப்பிலைச் சாடியையும் வீட்டுக்குள் தூக்கிவைத்து, வசந்தம் வரும்வரை காவல் காக்கும் குடும்பங்கள் எம்மிடையே பல உண்டு. ஆனால் கோயிலுக்குப் போகும் வழியில், எவரும் நீர் ஊற்றாமல், எவரும் பசளை போடாமல் பூத்து நிற்கும் பூக்கள் எவை? அவற்றின் பெயர் எம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவற்றுள் சில எமது கண்முன்னாலேயே மறைந்துகொண்டிருக்கின்றன என்பது தெரியுமா?

அவுஸ்திரேலியாவில் ஏறத்தாழ 20,000 வகைப் பூக்கும் தாவரங்கள் இயற்கையாக வளர்கின்றன. அவற்றில் பெரும்பான்மையானவை உலகில் வேறெங்கும் இல்லாதவை. இவற்றைக் கண்டு மகிழ்வது, வீட்டில் வளர்ப்பது, அழியாமல் காப்பது ஆகிய மூன்றையும் இந்தப் பாடத்தில் பார்ப்போம். பெற்றோர் பிள்ளைகளுடன் சேர்ந்திருந்து வாசித்தால் பயன் கூடும்.

1. சன்ஷைனின் பூ

மெல்பேண் முருகன் கோயில் சன்ஷைன் வடக்கில் இருப்பதை யாவரும் அறிவோம். அந்த ஊரின் பெயரையே தாங்கிய ஒரு பூ உண்டு. அதன் பெயர் சன்ஷைன் டையூரிஸ். ஓர்க்கிட் குடும்பத்தைச் சேர்ந்தது. வெள்ளை இதழ்களில் ஊதா நிறம் இலேசாகப் படிந்திருக்கும். நறுமணம் உடையது. ஐப்பசி மாதத்தில், கந்தசஷ்டி விரதம் வரும் நாட்களை ஒட்டிப் பூப்பது.

ஒரு காலத்தில் மெல்பேணின் மேற்குச் சமவெளியில் இது ஏராளமாகப் பூத்தது. வெளி முழுவதும் பனி விழுந்ததுபோல் வெண்மையாகத் தெரிந்ததனால் வயல்வெளிப் பனி என்ற பொருளிலேயே மக்கள் இதற்குப் பெயர் வைத்தார்கள். பின்னர் தொழிற்சாலைகளும் வீதிகளும் வீடுகளும் வந்தன. இயற்கையாக வளரும் செடிகள் எஞ்சியது ஒரே ஓரிடத்தில், அதுவும் சில பத்துச் செடிகள் மட்டுமே. மெல்பேண் தாவரவியல் பூங்காவின் ஆய்வாளர்கள் இதன் விதையை ஆய்வுகூடத்தில் முளைக்கவைத்து, இளஞ்செடிகளை லவர்ட்டன் வடக்குப் புல்வெளிக் காப்பகத்தில் நட்டு வருகிறார்கள். நட்டவை எல்லாம் நிலைக்கவில்லை. இருந்தும் முயற்சியை அவர்கள் கைவிடவில்லை.

ஏன் இவ்வளவு கடினம்? ஓர்க்கிட் விதை தூசியைப் போன்றது. எமது நெல்லிலும் பயற்றிலும் முளைக்கு வேண்டிய உணவு விதைக்குள்ளேயே இருக்கிறது. ஓர்க்கிட் விதைக்குள் அப்படி எதுவும் இல்லை. மண்ணில் வாழும் ஒரு நுண்ணிய பூஞ்சணம் வந்து உணவு ஊட்டினால்தான் அது முளைக்கும். ஆகவே செடியை மட்டும் காப்பாற்றினால் போதாது. அந்த மண்ணையும், மண்ணிலுள்ள பூஞ்சணத்தையும், பூவைத் தேடி வரும் பூச்சியையும் சேர்த்தே காப்பாற்ற வேண்டும். காட்டில் கண்ட ஓர்க்கிட்டை அழகாயிருக்கிறதே என்று தோண்டி வந்து சாடியில் வைத்தால் அது பெரும்பாலும் இறந்துபோவதற்கும் இதுவே காரணம்.

இது எமக்குப் புதிய கதை அன்று. சிதம்பரத்தின் பழம்பெயர் தில்லை. தில்லை மரங்கள் அடர்ந்த வனமாக இருந்ததனால் வந்த பெயர் அது. இன்று தில்லை மரத்தைக் காண வேண்டுமானால் அருகிலுள்ள பிச்சாவரம் சதுப்புக்காட்டுக்குப் போக வேண்டும். ஊருக்குப் பெயர் கொடுத்த வனம் ஊரைச் சூழ்ந்து இல்லை. பெயர் மட்டும் நிலைத்திருக்கிறது. அங்கே மரம் ஊருக்குப் பெயர் தந்தது, இங்கே ஊர் பூவுக்குப் பெயர் தந்தது. இரண்டு இடத்திலும் நடந்தது ஒன்றுதான்.

2. புல்வெளி என்பது வெறுந்தரை அன்று

மெல்பேணின் மேற்கே உள்ள சமவெளி எரிமலைக் குழம்பு படிந்து உருவானது. மரங்கள் குறைவு. அதனால் பார்ப்பவர்களுக்கு அது வெறுந்தரைபோலத் தோன்றும். அருகே சென்று குனிந்து பார்த்தால்தான் உண்மை விளங்கும். கங்காருப் புல்லின் இடையிடையே மஞ்சள் நிறப் பொத்தான்கள் போன்ற பூக்கள், நீல மணிப்பூக்கள், சாக்லேட் மணம் வீசும் ஊதா நிற லில்லி என்று பல வகைகள் தெரியும். இங்குள்ள ஆதிக்குடிகளான கூலின் இனப் பெண்கள் மர்னொங் என்ற மஞ்சள் பூச்செடியின் கிழங்கைத் தோண்டுகோலால் அகழ்ந்தெடுத்து உணவாகக் கொண்டார்கள். வள்ளிக்கிழங்கு தோண்டிய எமது முன்னோருக்கு இது நன்றாகவே விளங்கியிருக்கும். 1830களில் குடியேறியவர்களின் செம்மறி ஆடுகள் வந்து அந்தச் செடிகளை மேய்ந்து தீர்த்தன. மக்களின் உணவும் அதோடு போயிற்று.

அம்மக்கள் காலம் பார்த்து, அளவு பார்த்துப் புல்லுக்குத் தீ வைத்தும் வந்தார்கள். புல் மிக அடர்த்தியாக வளர்ந்தால் இடையில் உள்ள சிறு பூச்செடிகளுக்கு வெளிச்சம் கிடைக்காது. தீ வந்துபோனால் இடைவெளி உண்டாகும், பூச்செடி தழைக்கும். இன்றும் புல்வெளிக் காப்பகங்களில் அதிகாரிகள் திட்டமிட்டுத் தீ வைப்பது இதற்காகத்தான்.

இந்தப் புல்வெளியில் இன்று எஞ்சியிருப்பது நூற்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. 2008இல் மத்திய அரசு இதனை அழிவின் விளிம்பில் உள்ள வாழிடமாக அறிவித்தது. மேற்குப் புறநகர்கள் விரிவடைவதற்கு ஈடாக 15,000 ஹெக்டேர் நிலத்தை 2020ஆம் ஆண்டுக்குள் வாங்கிப் புல்வெளிக் காப்பகமாக்குவதென விக்டோரியா அரசு 2010இல் உறுதி கூறியது. 2020இல் வெளிவந்த மாநிலத் தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கை, அதில் பத்தில் ஒரு பங்கு அளவே வாங்கப்பட்டிருந்ததைக் காட்டியது.

இதை நாம் ஏன் அறிந்திருக்க வேண்டும்? டார்னெய்ட், டுருகனினா, மெல்ட்டன் என்று எமது இளங்குடும்பங்கள் இன்று வீடு வாங்கிக் குடிபோகும் இடங்கள் இந்தச் சமவெளியில்தான் இருக்கின்றன. வீடு கட்டுவது குற்றம் அன்று. தலைக்கு மேல் கூரை தேடித்தானே கடல் கடந்து வந்தோம். ஆனால் எமது வீடு எதன்மேல் நிற்கிறது என்று தெரிந்துகொள்வதும், எஞ்சியதைக் காக்க ஒரு கை கொடுப்பதும் அந்த வீட்டில் வாழும் எமக்குரிய கடமை.

3. கை படாத இடங்கள்

அப்படியானால் எஞ்சிய பூக்கள் எங்கே தப்பியிருக்கின்றன? பெரும்பாலும் இரண்டு வகை இடங்களில். ஒன்று, புகையிரதப் பாதையின் ஓரம். மற்றது, பழைய மயானங்கள். டுருகனினா மயானத்தில் கல்லறைகளுக்கிடையே, வேறு பெரும்பாலான இடங்களில் அழிந்துவிட்ட ஒரு மஞ்சள் பொத்தான் பூச்செடி இன்றும் பூக்கிறது. மயானம் என்பதால் எவரும் அங்கே உழவில்லை. எவரும் பசளை போடவில்லை. மரியாதை கருதி விட்டுவைத்தார்கள். அதனால் பூ பிழைத்தது.

இதைக் கேட்டதும் எமக்குக் கோயில்காடுகள் நினைவுக்கு வர வேண்டும். தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஐயனாருக்கும் அம்மனுக்கும் உரிய காட்டில் சுள்ளி ஒடிக்கவும் அஞ்சுவார்கள். புதுச்சேரிக்கு அண்மையில் உள்ள புத்துப்பட்டு ஐயனார் கோயில்காட்டில், கரையோரத்தில் மற்ற இடங்களில் பெரும்பாலும் வெட்டப்பட்டுவிட்ட உலர்வகைப் பசுமைக்காடு இன்றும் இருக்கிறது. தாவரவியலாளர்கள் அதைத் தேடிச் சென்று ஆராய்கிறார்கள். சட்டம் காக்காத காலத்தில் பக்தி காத்தது. எமது கோயில்களின் தலவிருட்ச மரபும் இந்த எண்ணத்தில் பிறந்ததே. ஒரு தலத்துக்கு உரிய மரம் அந்த மண்ணில் தானாக வளரும் மரம். அதை வெட்டாமல் காப்பதும் வழிபாட்டின் ஒரு பகுதி.

4. சிட்னியில் எங்கே பார்க்கலாம்?

சிட்னிக் குடும்பங்கள் ஹெலன்ஸ்பர்க் வேங்கடேஸ்வரர் கோயிலுக்குப் போகும்போது வீதியின் இருபுறமும் கவனியுங்கள். வாள்போன்ற நீண்ட இலைகளின் நடுவிலிருந்து ஆள் உயரத்தைத் தாண்டி ஒற்றைத் தண்டு எழுந்து, உச்சியில் இரத்தச் சிவப்பில் பெரிய பூங்கொத்துத் தாங்கி நிற்கும். அது ஜைமியா லில்லி. அருகே இருப்பது 1879இல் அமைக்கப்பட்ட றோயல் தேசியப் பூங்கா. ஆவணி, புரட்டாசி மாதங்களில் அங்குள்ள மணற்பாறை நிலம் பூக்களால் நிறையும். மென்துணி போன்ற வெள்ளை இதழுடைய ஃபிளனல் பூவையும், மாநிலப் பூவான சிவந்த வரட்டாவையும் அங்கே காணலாம். வரட்டா என்பது சிட்னியின் ஆதிக்குடிகள் வழங்கிய பெயர். காட்டுத்தீயில் எரிந்தாலும் மண்ணுக்குள் உள்ள பருத்த அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்த்து, இரண்டோர் ஆண்டுகளில் மற்றக் காலத்தைவிட அதிகமாகப் பூக்கும்.

மேஸ் ஹில் முருகன் கோயிலைச் சுற்றி, வென்ட்வேர்த்வில், பெண்டில் ஹில், டூங்காபி, பிளாக்டவுன் பகுதிகளில் வாழ்பவர்களுக்கு இன்னொரு செய்தி. உங்கள் வீடுகள் நிற்கும் களிமண் நிலத்தில் முன்பு இருந்தது கம்பர்லாந்துச் சமவெளி மரக்காடு. அதில் இன்று பத்தில் ஒரு பங்கும் இல்லை. 2009இல் இதுவும் அழிவின் விளிம்பில் உள்ள வாழிடமாக அறிவிக்கப்பட்டது. மிச்சத்தைப் பார்க்க நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. புறொஸ்பெக்ட் நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள இயற்கைக் காப்பகத்துக்குப் போகலாம். மவுண்ட் அனன் தாவரவியல் பூங்காவுக்கும் போகலாம். அங்கு 2013இல் திறக்கப்பட்ட விதை வங்கியில் அழியும் நிலையிலுள்ள செடிகளின் விதைகளை உலர்த்திக் குளிரில் சேமித்து வைக்கிறார்கள். எமது பாட்டிமார் அடுத்த போகத்துக்கென விதை நெல்லையும் விதைப் பயற்றையும் காத்த அதே முறைதான், கருவிகள் மட்டும் புதியவை.

மெல்பேணில் கரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலுக்குச் செல்பவர்கள் அண்மையில் உள்ள கிரான்போர்ன் தாவரவியல் பூங்காவையும், பேசின் வக்ரதுண்ட விநாயகர் கோயிலுக்குச் செல்பவர்கள் டண்டினோங் மலையையும் சேர்த்துப் பார்க்கலாம்.

5. உறவும் பகையும்

இந்த மண்ணின் செடிகள் எமக்கு முற்றிலும் அந்நியமானவை அல்ல. இங்கே வேலிக்கு நடும் லில்லி பில்லி எமது நாவல் மரத்தின் நெருங்கிய உறவு. வீதியோரத்தில் ஊதாப்பூப் பூக்கும் வெண்சிடார் மரம் எமது மலைவேம்பேதான். மேற்குச் சமவெளியின் கங்காருப் புல் நீலகிரி மலைப் புல்வெளியிலும் வளர்கிறது. அவுஸ்திரேலியாவின் வடபகுதி நீர்நிலைகளில் தாமரை இயற்கையாகவே பூக்கிறது. தில்லை மரமும் வடகிழக்குக் கரையோரச் சதுப்புகளில் உண்டு. விநாயகருக்குச் சாத்தும் அறுகை இங்கே பலருடைய வீட்டுப் புற்றரையிலேயே பறிக்கலாம்.

ஆனால் ஓரிடத்துச் செடியை வேறோர் இடத்தில் கவனமின்றிக் கொண்டுபோய் வைத்தால் உறவு பகையாகும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆங்கிலேயர் இங்கிருந்து வாட்டில் மரங்களையும் யூகலிப்டஸ் மரங்களையும் நீலகிரிக்குக் கொண்டுபோனார்கள். விறகுக்கும், தோல் பதனிடும் பட்டைக்கும் என்று நட்டார்கள். நீலகிரியில் சீகை என்று சொல்லப்படும் அந்த வாட்டில் இன்று குறிஞ்சி பூக்கும் மலைப் புல்வெளிகளை மூடி வளர்ந்து பெருந்தொல்லையாகிவிட்டது.

இதன் மறுபக்கத்தையும் நாம் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டின் மாநிலப் பூ செங்காந்தள். கார்த்திகைப்பூ என்று நாம் அன்போடு அழைப்பதும் அதுவே. அந்தப் பூவைக் கண்டால் எமக்கு மனம் நெகிழும். ஆனால் நியூ சவுத் வேல்ஸின் வடகரையிலும் குயின்ஸ்லாந்திலும் அது கடற்கரை மணல்மேடுகளில் படர்ந்து, அங்குள்ள செடிகளை மூடிக் கொல்லும் களையாக இருக்கிறது. தொண்டர்கள் வருடந்தோறும் அதன் கிழங்கைத் தோண்டி எடுக்கிறார்கள். பூவில் குற்றம் இல்லை. அதைத் தன் ஊரில் கட்டுப்படுத்தும் பூச்சியும் நோயும் போட்டியும் இங்கே இல்லை. நீலகிரியில் வாட்டிலுக்கும் இதே நிலைதான். எங்கள் பூ என்பதற்காக அதற்கு மட்டும் விதிவிலக்குக் கேட்க முடியாது.

6. வீட்டில் வளர்ப்பது எப்படி?

அவுஸ்திரேலியச் செடிகளைத் தோட்டங்களில் வளர்க்க வேண்டும் என்று 1957இல் மெல்பேணில் ஆர்தர் ஸ்வேபி என்பவரின் முயற்சியால் ஒரு சங்கம் தொடங்கியது. இன்று அதன் கிளைகள் எல்லா மாநிலங்களிலும் உள்ளன. அவர்களின் செடி விற்பனை நாட்களில் நல்ல கன்றுகளும் நல்ல ஆலோசனையும் கிடைக்கும். தொடங்குபவர்களுக்கு எமது குறிப்புகள் இவை:

• முதலில் உங்கள் மண்ணை அறியுங்கள். மேற்குச் சிட்னியும் மேற்கு மெல்பேணும் களிமண். வரட்டாவும் ஃபிளனல் பூவும் நீர் வடியும் மணற்பாங்கான நிலத்தைக் கேட்பவை. களிமண்ணில் அவற்றை நட்டு வருந்துவதைவிட, அந்த மண்ணுக்கே உரியவற்றை நடுங்கள்.

• மேற்குச் சிட்னிக்கு: ஊதாப்பூப் பூக்கும் ஹார்டன்பேர்ஜியாக் கொடி, தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் தேடி வரும் பர்சேரியா, எமது அவுரியின் உறவான அவுஸ்திரேலிய அவுரி, நீலக்காய் காய்க்கும் டயனெல்லா.

• மேற்கு மெல்பேணுக்கு: கங்காருப் புல், பொன்னிறப் பொத்தான் பூக்கள், நீல மணிப்பூ, சாக்லேட் லில்லி. சிறு முற்றத்துக்கும் இவை போதும்.

• நடுவதற்கு ஏற்ற காலம் இலையுதிர்காலம். கோடைக்கு முன் வேர் ஆழமாக இறங்கிவிடும். முதல் கோடையில் மட்டும் வாரம் ஒருமுறை ஆழமாக நீர் விடுங்கள். தினமும் மேலால் தெளிப்பது பயனற்றது.

• பசளை விடயத்தில் மிகுந்த கவனம் தேவை. பாங்சியா, கிறெவில்லியா, வரட்டா ஆகியவை வளம் குறைந்த மண்ணில் வாழப் பழகியவை. அவற்றின் வேர்கள் தூரிகைபோல் கொத்தாக அமைந்து, சிறிதளவு பொஸ்பரஸையும் உறிஞ்சி எடுக்க வல்லவை. கத்தரிக்கும் மிளகாய்க்கும் போடும் கோழி எருவை இவற்றுக்கும் போட்டால் பொஸ்பரஸ் மிகுந்து செடி கருகி இறக்கும். பொஸ்பரஸ் குறைந்த, அவுஸ்திரேலியச் செடிகளுக்கென்று விற்கும் பசளையை அளவாகப் பயன்படுத்துங்கள்.

• கன்றுகளை நேர்சரியில் மட்டும் வாங்குங்கள். சில நகரசபைகள் குடியிருப்பாளருக்கு உள்ளூர்ச் செடிகளை இலவசமாகக் கொடுப்பதும் உண்டு. உங்கள் சபையில் விசாரித்துப் பாருங்கள்.

இதற்காக மல்லிகையையும் செவ்வரத்தையையும் பிடுங்கி எறிய வேண்டியதில்லை. அவையும் இருக்கட்டும். வேலியோரத்தில் இந்த மண்ணின் செடிகளுக்கும் ஓர் இடம் கொடுப்போம்.

7. காப்பது எப்படி?

தேசியப் பூங்காக்களில் பூப்பறிப்பது சட்டப்படி குற்றம். நியூ சவுத் வேல்ஸில் காட்டுப்பூக்களைக் காக்கும் சட்டம் 1927இலேயே வந்துவிட்டது. வண்டி வண்டியாக வெட்டிச் சந்தையில் விற்றதனால் வந்த சட்டம் அது. பூசைக்கு என்றாலும் காட்டுப்பூவைப் பறிக்க வேண்டாம். கண்ணால் கண்டு கைகூப்பினாலே போதும்.

பூசை முடிந்த பூமாலைகளையும் இலைகளையும் ஓடையில் விடும் வழக்கம் ஊரில் உண்டு. இங்கே அதைத் தவிர்ப்போம். அவற்றோடு போகும் விதையும் தண்டும் கரையோரத்தில் வேர் பிடித்துக் களையாகும். வீட்டிலேயே உரக்குழியில் இட்டுச் செடிகளுக்கே திருப்பிக் கொடுப்பது மேல். தோட்டக் கழிவையும் பின்வேலிக்கு அப்பால் எறியாமல் பச்சைக் கழிவுத் தொட்டியில் போடுங்கள். ஊருக்குப் போய்வரும்போது விதை, கிழங்கு, தண்டு எதையும் மறைத்துக் கொண்டுவர வேண்டாம். விமான நிலையத்தில் அறிவித்துவிடுங்கள்.

நேரம் உள்ளவர்கள் தொண்டிலும் சேரலாம். கீலருக்கு அருகே ஓர்கன் பைப்ஸ் தேசியப் பூங்காவில் 1972இல் சிலர் கூடி, களை மண்டிக் கிடந்த பள்ளத்தாக்கைத் துப்புரவாக்கி உள்ளூர்ச் செடிகளை நடத் தொடங்கினார்கள். விக்டோரியாவில் இன்று பல பூங்காக்களுக்கு உள்ள நண்பர் குழுக்களுக்கு முன்னோடி அதுவே. கோயிலில் உழவாரப்பணி செய்த கைகளுக்கு இந்த வேலை கடினமாக இராது. களை பிடுங்குவதும் உழவாரந்தானே.

பிள்ளைகளுக்குச் சில வினாக்கள்

1. அவுஸ்திரேலியாவின் தேசியப் பூ எது? அது எந்த ஆண்டில் அறிவிக்கப்பட்டது? (விடை: பொன் வாட்டில், 1988. துடுப்பாட்ட அணியின் பச்சையும் பொன்னும் அதன் நிறங்களே. 1992 முதல் செப்டெம்பர் முதலாம் திகதி தேசிய வாட்டில் நாள்.)

2. ஓர்க்கிட் விதைக்கு ஏன் பூஞ்சணத்தின் துணை வேண்டும்?

3. செங்காந்தள் தமிழ்நாட்டில் மாநிலப் பூ, இங்கே களை. வாட்டில் இங்கே தேசியப் பூ, நீலகிரியில் களை. இதன் காரணத்தை அம்மா அப்பாவுக்கு உங்கள் சொந்தச் சொற்களில் விளக்குங்கள்.

4. அடுத்த முறை கோயிலுக்கு வரும் வழியில் மூன்று பூக்களைப் பாருங்கள். படம் வரையுங்கள், நிறமும் மாதமும் எழுதுங்கள், பறிக்காதீர்கள். பெயரை நூலகத்தில் தேடிக் கண்டுபிடியுங்கள். தமிழ்ப்பெயர் இல்லாவிட்டால் நீங்களே ஒன்று வையுங்கள்.

கடைசி வினாவைச் சிறியது என்று எண்ண வேண்டாம். எமது முன்னோர் நிலங்களுக்கே குறிஞ்சி, முல்லை, மருதம் என்று அங்கு வளர்ந்தவற்றின் பெயரை வைத்தார்கள். ஒரு நிலத்தின் பூவை அறிந்தவர்களே அந்த நிலத்தில் குடியிருப்பவர்கள் என்பது அவர்கள் எண்ணம். நாம் இங்கே வீடு கட்டினோம், கோயில் கட்டினோம், பிள்ளைகளைப் பெற்று வளர்க்கிறோம். இந்த மண்ணின் பூக்களையும் பெயர் சொல்லி அழைக்கப் பழகுவோம். பெயர் தெரிந்த பூவை மிதித்துவிட்டுப் போக எவருக்கும் மனம் வராது.